தளி சாலையும் சிலிண்டர் ஹெட்டும்: சிறிய எஞ்சின்களின் வரலாற்றில் ஓர் ஒப்பீடு

சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினின் சிலிண்டரை மேலிருந்து மூடி, எரிகலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வழிவிடும் பாகமாகும். கலைச்சொல் தொகுதிகளில் இது உருளைத்தலை எனப்படுகிறது. பட்டறைகளில் 'ஹெட்' என்றாலே போதும். ஒரே கொள்ளளவு கொண்ட இரண்டு எஞ்சின்களில் ஒன்று சோம்பலாகவும் மற்றொன்று துடிப்பாகவும் இருந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் இந்தப் பாகத்தில்தான் இருக்கும். எஞ்சினின் திறனைக் கூட்ட விரும்புவோர் நூறாண்டுகளுக்கும் மேலாக முதலில் கைவைப்பது ஹெட்டில்தான்.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலை இந்தப் பாகத்தின் இந்திய வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருசேரப் புழங்கும் ஊர் தளி. குளிர்ந்த தட்பவெப்பத்துக்காகக் 'குட்டி இங்கிலாந்து' என்றும் இது அழைக்கப்படுகிறது. இந்தச் சாலையில் பேளகொண்டப்பள்ளியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் அலுமினிய வார்ப்பு ஆலை இருக்கிறது. ஓசூரின் ஹரிதாவில் டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. இவற்றைச் சுற்றிப் பல லேத் பட்டறைகளும் உதிரிபாகச் சிற்றாலைகளும் வளர்ந்துள்ளன. மறுபக்கம் ஆனேக்கல், ஜிகணி, பொம்மசந்திரா எனக் கர்நாடகத்தின் தொழிற்பகுதிகள் தொடங்கிவிடுகின்றன.

அமெரிக்காவில் ஹெட் கடையில் வாங்கி மாட்டும் சரக்காக ஆயிற்று. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் கைவேலையாக இருந்து, பின்னர் தொழிற்சாலைக்குள் போய்விட்டது. இரண்டு இடங்களிலும் ஹெட்டுகளை ஒப்பிட்டவர்கள் கற்ற பாடம் ஒன்றே. அந்தப் பாடத்தையும், அது எப்படிக் கற்கப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஹெட் செய்யும் வேலை

நான்கு வீச்சு எஞ்சினின் ஹெட்டில் உள்வழி, வெளிவழி என இரண்டு துளைப்பாதைகள் உண்டு. இவற்றைப் பட்டறைகளில் 'போர்ட்' என்பர். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் வால்வு அமர்ந்திருக்கும். வால்வுகளுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள குழிவு எரி அறை. தீப்பொறி பிளக் அங்கேதான் இருக்கிறது.

எனவே ஒரு ஹெட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு காற்றை விடுகிறது? எவ்வளவு வேகத்தில் விடுகிறது? உள்ளே வந்ததை எவ்வளவு நன்றாக எரிக்கிறது? முதல் கேள்விக்கான விடையை மட்டும் பார்ப்பவர்களே மிகுதி. காரணம், அதை ஓர் எண்ணாக எழுதி விளம்பரப்படுத்த முடியும்.

அமெரிக்காவில் ஹெட் கடைச்சரக்கான கதை

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் திறன் 20 குதிரைத்திறன் மட்டுமே. அதன் வால்வுகள் சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. ஹெட் வெறும் மூடிதான். அந்த மூடியைக் கழற்றிவிட்டு, வால்வுகளை மேலே கொண்ட வேறு ஹெட்டை மாட்டினால் அதே எஞ்சின் வேகமெடுக்கும் என்பதைச் சிலர் கண்டுகொண்டனர். ராஜோ, ஃப்ரான்டினாக் ஆகிய பெயர்களில் அத்தகைய ஹெட்டுகள் விற்பனைக்கு வந்தன. இவற்றில் ஃப்ரான்டினாக், பந்தயக்காரர்களான ஷெவர்லே சகோதரர்களின் தயாரிப்பு. வாகன நிறுவனம் அல்லாத வேறொருவர் செய்து விற்கும் ஹெட் என்ற வணிகம் இப்படித் தொடங்கியது.

1932இல் ஃபோர்டு வெளியிட்ட வி8 எஞ்சினும் பக்கவால்வு வகையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோரா ஆர்கஸ் டன்டோவ் என்ற பொறியாளர் அதற்காக மேல்வால்வு கொண்ட அலுமினிய ஹெட்டை உருவாக்கினார். 'ஆர்டன்' எனப்பட்ட அந்த ஹெட்டின் நோக்கம் லாரிகளுக்குக் கூடுதல் இழுவை தருவது. அது புகழ்பெற்றதோ பந்தயக் கார்களில். டன்டோவ் பின்னர் 1953இல் ஷெவர்லே நிறுவனம் இருந்த ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து கார்வெட் காரின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தார்.

1955இல் ஷெவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 வந்தது. தொடக்கக் கொள்ளளவு 265 கன அங்குலம், அதாவது 4.3 லிட்டர். 1967இல் 350 கன அங்குல வடிவம், அதாவது 5.7 லிட்டர் எஞ்சின் வந்தது. 'சிறியது' என்பது அமெரிக்க அளவுகோலில்தான். அந்த 350 எஞ்சினின் ஒரு சிலிண்டர் மட்டும் சுமார் 717 சிசி. ஓசூரில் செய்யப்படும் 160 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் நான்கைச் சேர்த்தாலும் அந்த ஒரு சிலிண்டருக்கு ஈடாகாது.

இந்த எஞ்சினின் முக்கியத்துவம் அதன் தொடர்ச்சியில் உள்ளது. முப்பது ஆண்டுகளாக அதன் அடிப்படை அளவுகள் பெரிதாக மாறவில்லை. ஒரு காலத்து ஹெட்டை இன்னொரு காலத்துப் பிளாக்கில் பெரும்பாலும் மாட்ட முடிந்தது. பல தலைமுறைகளையும் சேர்த்து, 2011இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக் எஞ்சினைத் தயாரித்தது. இவ்வளவு பெரிய சந்தை இருந்ததால் எடெல்பிராக், டார்ட், பிராடிக்ஸ், ஏர் ஃப்ளோ ரிசர்ச், டிரிக் ஃப்ளோ எனப் பல நிறுவனங்கள் ஹெட்டுகளை வார்த்து விற்க முடிந்தது.

அங்கு ஹெட்டுகள் போர்ட்டின் கொள்ளளவால் அடையாளப்படுத்தப்படுகின்றன: 180 சிசி, 195 சிசி, 210 சிசி, 220 சிசி. எண் பெரிதானால் ஹெட் உயர்ந்தது என்ற நம்பிக்கை எளிதில் பரவியது. காற்றோட்டத்தை அளக்கும் பாய்வு மேசைகள் 1970களில் சிறு பட்டறைகளுக்கும் எட்டியபின் இந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளானது. சாலையில் ஓடும் 350 எஞ்சினுக்கு 180 முதல் 195 சிசி வரையிலான போர்ட் பொருத்தமாக இருந்தது. 220 சிசி போர்ட் உச்சச் சுழற்சியில் மட்டும் பலன் தந்து, அதற்குக் கீழே எஞ்சினைச் சோர்வடையச் செய்தது.

இதற்கு நல்ல சான்று 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் லாரி வகை வண்டிகளில் கொடுத்த 'வோர்டெக்' வார்ப்பிரும்பு ஹெட். அதன் போர்ட் சுமார் 170 சிசிதான். ஆனால் வளைவுகளும் எரி அறையும் சீராக வடிவமைக்கப்பட்டிருந்ததால், அதற்கு முந்தைய தலைமுறையின் பெயர்பெற்ற செயல்திறன் ஹெட்டுகளை இந்த மலிவான ஹெட் பின்தள்ளியது. வடிவம் அளவை வென்றதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

சோழவரம்: கைவேலையாக நின்ற காலம்

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கும்வரை தென்னிந்தியப் பந்தய வீரர்களுக்குச் சோழவரமே தாய்வீடு.

அங்கு ஓடிய இந்தியக் கார்களின் எஞ்சின்கள் எளிமையானவை. 1959 முதல் அம்பாசடரில் வந்த 1489 சிசி மேல்வால்வு எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே 1489 சிசி எஞ்சின் 1955இல் வெளிவந்த எம்ஜிஏ என்ற விளையாட்டுக் காரிலும் இருந்தது. எம்ஜிஏவில் அது 68 குதிரைத்திறன் தந்தது, பிறகு 72 ஆக உயர்ந்தது. அம்பாசடரிலோ அது ஐம்பதை ஒட்டியே நின்றது. இரட்டைக் கார்புரேட்டர், அழுத்த விகிதம், கேம் தண்டு, ஹெட் ஆகியவற்றின் நுட்பமான மாற்றங்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஊர்க்காரின் பிளாக்கில் ஒரு விளையாட்டுக் கார் ஒளிந்திருந்தது என்பதை அக்காலத்து டியூனர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஆனால் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. வெளிநாட்டு ஹெட்டை வாங்கி மாட்டுவது மிகச் சிலருக்கே இயலும். ஆகவே இருக்கும் ஹெட்டையே திருத்தினர். அரைவைக் கருவியால் போர்ட்டின் வளைவைச் சீராக்குவது, வால்வு சீட்டை மூன்று கோணங்களில் வெட்டுவது, வால்வு கைடைக் குறுக்குவது, ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது ஆகிய வேலைகள் கைப்பக்குவத்தால் நடந்தன. மண்ணெண்ணெய் நிரப்பிய பியூரெட் குழாயால் எரி அறையின் கொள்ளளவை அளந்து, நான்கு சிலிண்டர்களையும் சமப்படுத்தினர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார், சிறிய எஞ்சினிலிருந்து வேகத்தைக் கறக்கும் இந்த மரபின் தொடர்ச்சியாகும்.

இந்தக் கலை வணிகப் பண்டமாக மாறவில்லை. ஒரே அளவில் முப்பது ஆண்டுகள் ஓடும் எஞ்சின் இங்கு அரிது. செயல்திறன் பாகத்துக்குப் பணம் செலவிடக்கூடிய உரிமையாளரும் அரிது. பந்தய விதிகளும் பல வகுப்புகளில் தயாரிப்பாளரின் ஹெட்டையே பயன்படுத்தச் சொல்லி, அதைத் திருத்தும் அளவை மட்டும் வரையறுத்தன. அறிவு, பெட்டியில் அடைத்த சரக்காக இல்லாமல் மேஸ்திரியின் விரல்களிலேயே தங்கியது.

ஓசூர்: வால்வு இல்லாத ஹெட்டிலிருந்து நான்கு வால்வு வரை

1980இல் ஓசூரில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. அசோக் லேலண்டு தன் லாரித் தொழிற்சாலையை அங்கு நிறுவியது. டிவிஎஸ் 50 மொபெட் அங்கிருந்து வெளிவந்தது. 1982இல் டிவிஎஸ் ரேசிங் என்ற பந்தய அணி உருவானது. இந்தியாவில் வாகனத் தயாரிப்பு நிறுவனமே நடத்திய முதல் பந்தய அணி இதுவே.

அப்போதைய வண்டிகள் இரண்டு வீச்சு எஞ்சின் கொண்டவை. 1984இல் சுசுகியின் தொழில்நுட்பத்தோடு வந்த ஏஎக்ஸ் 100, அடுத்த ஆண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த யமஹா ஆர்எக்ஸ் 100, 1996இல் வந்த டிவிஎஸ் சுசுகி ஷோகன் ஆகியவை இவ்வகையின் பெயர்பெற்ற வண்டிகள். இரண்டு வீச்சு எஞ்சினில் காற்றின் வாசல்கள் சிலிண்டரின் சுவரிலேயே இருக்கும். ஹெட்டில் வால்வு கிடையாது. அது விசிறிகள் கொண்ட ஒரு குவிமூடி. எனவே டியூனரின் கை முதலில் சென்றது சிலிண்டர் வாசல்களுக்கும் சைலன்சருக்கும்தான். ஹெட்டில் செய்யக்கூடியவை இரண்டு: இழைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், பிஸ்டனின் விளிம்போடு நெருங்கி நின்று கலவையை நடுவுக்குத் தள்ளும் வளையப் பரப்பைத் திருத்தலாம்.

1996, 2000 ஆகிய ஆண்டுகளின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரண்டு வீச்சு மோட்டார் சைக்கிள்களின் காலத்தை முடித்தன. சுசுகியுடனான கூட்டு 2001இல் முறிந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் தன் சொந்த நான்கு வீச்சு வண்டியான விக்டரை வெளியிட்டது. இதற்குப் பிறகுதான் ஓசூரில் ஹெட் உண்மையான வடிவமைப்புப் பொருளாயிற்று.

அதன்பின் வந்த வரிசையைப் பார்த்தால் வளர்ச்சி விளங்கும். 2006இல் அப்பாச்சி 150. 2007இல் ஆர்டிஆர் 160. 2016இல் நான்கு வால்வு ஹெட்டும் எண்ணெய்க் குளிர்விப்பும் கொண்ட ஆர்டிஆர் 200 4வி. 2013இல் பிஎம்டபிள்யூ மோட்டோராடுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் விளைவாக, 2017 டிசம்பரில் 312 சிசி அப்பாச்சி ஆர்ஆர் 310. இதன் ஹெட் வழக்கத்துக்கு மாறாகத் திருப்பிப் பொருத்தப்பட்டது: காற்று முன்பக்கமாக நுழைகிறது, புகை பின்பக்கமாக வெளியேறுகிறது. சிலிண்டரும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. எஞ்சினை முன்னே தள்ளி வைத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீளமாக்க இந்த அமைப்பு உதவியது. வண்டியின் உருவமே ஹெட்டைத் திருப்பியதால் மாறியது எனலாம்.

ஒரே சிலிண்டர், இரண்டு ஹெட்

ஹெட்டை மட்டும் தனியே ஒப்பிடுவது எளிதன்று. கொள்ளளவு, கேம், எரிபொருள் அமைப்பு எல்லாம் ஒருசேர மாறிவிடுவது வழக்கம். ஆனால் ஓசூரிலிருந்தே ஏறத்தாழ நேரான ஒப்பீடு ஒன்று கிடைக்கிறது.

ஆர்டிஆர் 160 வண்டியின் சிலிண்டர் விட்டம் 62 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 52.9 மில்லிமீட்டர், கொள்ளளவு 159.7 சிசி. 2018இல் வந்த ஆர்டிஆர் 160 4வி வண்டிக்கும் இதே அளவுகள். முதலதில் இரண்டு வால்வு, இரண்டாவதில் நான்கு. இரண்டு வால்வு எஞ்சின் சுமார் 15 குதிரைத்திறனை 8500 சுழற்சியில் தந்தது; திருப்புவிசை சுமார் 13 நியூட்டன் மீட்டர். கார்புரேட்டர் கொண்ட நான்கு வால்வு எஞ்சின் 16.5 பிஎஸ் திறனை 8000 சுழற்சியிலும், 14.8 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையை 6500 சுழற்சியிலும் தந்தது.

நான்கு வால்வு என்றால் உச்சச் சுழற்சியில் மட்டும் பாயும் எஞ்சின் என்பது பொதுவான எண்ணம். இங்கு நடந்தது வேறு. திறன் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடியது. திருப்புவிசையோ அதைவிட அதிகமாகக் கூடியது. உச்சத்திறன் கிடைக்கும் சுழற்சி 8500இலிருந்து 8000க்கு இறங்கியது. அதாவது கூடுதலாகக் கிடைத்த காற்றோட்டத்தை வடிவமைப்பாளர்கள் நடுச் சுழற்சிக்குச் செலவிட்டனர். எண்ணெய்க் குளிர்விப்பு போன்ற பிற மாற்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் முதன்மையான வேறுபாடு ஹெட்தான்.

இதே காலத்தின் மற்றோர் எடுத்துக்காட்டு மாருதியின் 796 சிசி எஞ்சின். மாருதி 800இல் ஆறு வால்வுகளோடும் கார்புரேட்டரோடும் அது சுமார் 37 குதிரைத்திறன் தந்தது. 2000இல் வந்த ஆல்ட்டோவில் அதே விட்டமும் வீச்சும் கொண்ட எஞ்சின், பன்னிரண்டு வால்வு ஹெட்டோடும் எரிபொருள் தெளிப்போடும் சுமார் 46 குதிரைத்திறன் தந்தது. திருப்புவிசையின் உயர்வு இங்கு மிகச் சிறிது: 59இலிருந்து 62 நியூட்டன் மீட்டர். ஒரே வகை மாற்றம், இரண்டு வேறு பலன்கள். வால்வுகளின் எண்ணிக்கை எதையும் தானாக முடிவு செய்வதில்லை.

வால்வு பிளவுபடுவதால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்காகவும் காட்டலாம். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வால்வு 8 மில்லிமீட்டர் தூக்கப்பட்டால், அதன் விளிம்பைச் சுற்றிக் கிடைக்கும் வாசல் சுமார் 750 சதுர மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 23 மில்லிமீட்டர் வால்வுகள் இரண்டு வெறும் 7 மில்லிமீட்டர் தூக்கப்பட்டால் வாசல் சுமார் 1010 சதுர மில்லிமீட்டர். சிறிய வால்வு எடை குறைந்தது என்பதால் ஸ்பிரிங்கின் சுமையும் குறைகிறது. பிளக்கை நடுவில் வைக்கவும் இடம் கிடைக்கிறது.

போர்ட்டைப் பெரிதாக்குவதன் விலை

பட்டறைக்கு வரும் இளைஞர் கேட்பது பெரும்பாலும் 'போர்ட்டைப் பெரிசு பண்ணுங்கண்ணா' என்பதே. அதன் விலை என்ன என்று பார்க்கலாம்.

மேலே சொன்ன 160 சிசி எஞ்சின் 5000 சுழற்சியில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.8 மீட்டர். உள்வழிப் போர்ட் 28 மில்லிமீட்டர் விட்டம் என்று கொண்டால் அதில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 43 மீட்டர். அதை 30 மில்லிமீட்டராகக் குடைந்தால் வேகம் 38க்கு இறங்கும். இரண்டே மில்லிமீட்டரில் பதின்மூன்று விழுக்காடு வேகம் போய்விட்டது. வேகமாக வரும் காற்றுதான் பெட்ரோலை நுண்துளியாக வைத்திருக்கிறது; பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் தன் உந்தத்தால் உள்ளே நுழைகிறது. அந்த வேகம் குறைந்தால் ஓசூர் பேருந்து நிலையத்து நெரிசலில் வண்டி திணறும். வோர்டெக் ஹெட் கற்பித்த பாடம் இதுவே, அளவுதான் வேறு.

குடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வாரக்கூலியில் பிடித்துச் சேர்த்த பணத்தில் வேலை செய்யச் சொன்னவருக்கு இது சிறிய இழப்பன்று. நல்ல மேஸ்திரி விட்டத்தை அப்படியே விட்டு, வால்வுக்குச் சற்று மேலேயுள்ள வளைவை மட்டும் திருத்துவது இதனால்தான்.

மேட்டுநிலத்துக் காற்றும் கடற்கரைக் காற்றும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் உயிர்வளியும் அந்த அளவுக்குக் குறையும்.

இதனால் ஹெட்டுகளை ஒப்பிடுவதில் ஒரு பொறி உண்டு. ஹெட்டை இழைத்து அழுத்த விகிதத்தைக் கூட்டிய எஞ்சின் தளியின் குளிர்ந்த, மெல்லிய காற்றில் சிக்கலின்றி ஓடும். அதே எஞ்சின் இருங்காட்டுக்கோட்டையின் வெப்பத்துக்கும் அடர்ந்த காற்றுக்கும் இறங்கினால், கலவை நேரத்துக்கு முன் தானாகவே வெடித்து 'நாக்கிங்' சத்தம் எழும். பிஸ்டனின் முகம் பொரிந்துபோகும்.

இழைப்பின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கும் கணக்கு உண்டு. அழுத்த விகிதம் 9.5 உள்ள 160 சிசி எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 18.8 சிசி மட்டுமே. ஹெட்டில் அரை மில்லிமீட்டரை இழைத்தால், எரி அறை சிலிண்டரின் முழு விட்டத்துக்கும் விரிந்திருக்குமானால், அதில் ஒன்றரை சிசி குறையும், விகிதம் 10.2ஐத் தாண்டும். பெரிய அமெரிக்க எஞ்சினில் இதே விளைவுக்குப் பல சிசி மாற வேண்டும். அங்கு 76 சிசி எரி அறைக்குப் பதில் 64 சிசி அறை கொண்ட ஹெட்டை மாட்டினால்தான் விகிதம் ஒரு புள்ளிக்குச் சற்று மேல் கூடும். எஞ்சின் சிறிதாகச் சிறிதாகக் கைப்பிழைக்கு இடம் குறைகிறது.

ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை

இரண்டு ஹெட்டுகளை ஒப்பிடுவோருக்கு இந்த வரலாறு தரும் வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் வண்டி எந்தச் சுழற்சியில் அதிக நேரம் ஓடப்போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு வால்வு முழுதாகத் திறந்த நிலையில் கிடைக்கும் உச்சக் காற்றோட்டத்தை மட்டும் பார்க்காமல், பாதி திறந்த நிலையிலும் பார்க்க வேண்டும். வால்வு உச்சியைத் தொடுவது ஒருமுறை. பாதி நிலையைக் கடப்பது ஏறும்போதும் இறங்கும்போதும் என இருமுறை. வெளிவழியின் ஓட்டம் உள்வழியின் ஓட்டத்தில் முக்கால் பங்கை ஒட்டி இருப்பது நலம் என்பது டியூனர்களின் பழைய கணக்கு. எரி அறையின் கொள்ளளவையும் கிடைக்கும் பெட்ரோலின் தரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். கேமும் ஸ்பிரிங்கும் ஹெட்டுக்குப் பொருந்தாவிட்டால் சிறந்த ஹெட்டும் வீண்.

எல்லாவற்றையும்விட, எந்த ஊரின் காற்றில் எடுக்கப்பட்ட எண் என்று கேட்பது அவசியம். ஓசூரிலும் சென்னையிலும் திருத்தமின்றி எடுத்த எண்களை அருகருகே வைப்பது நியாயமாகாது.

சாலையும் சட்டமும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே அமெரிக்காவைப் போல ஹெட் வாங்கிச் சாலை வண்டியில் மாட்டும் பழக்கம் இங்கு வளர இடமில்லை. அந்த வேலைக்குரிய இடம் பந்தயத் தடமே.

இதற்கு ஒரு விடையாகத் தொழிற்சாலையே பந்தய ஹெட்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் டிவிஎஸ் வெறும் 200 எண்ணிக்கையில் வெளியிட்ட ஆர்டிஆர் 165 ஆர்பி வண்டியில், பெரிய வால்வுகள் கொண்ட புதிய ஹெட், உயரத் தூக்கும் கேம், இரட்டை ஸ்பிரிங், குவிந்த முகமுள்ள பிஸ்டன் ஆகியவை இருந்தன. 164.9 சிசியில் 19.2 பிஎஸ் திறன், 10,000 சுழற்சியில். தேசியப் பந்தயத்தின் 165 சிசி வகுப்பில் கற்றவை இதில் தெரிகின்றன. சோழவரத்து மேஸ்திரிகள் அரைவைக் கருவியால் செய்த அத்தனையும் இப்போது முறையான அனுமதியோடும் உத்தரவாதத்தோடும் கடையில் கிடைத்தன. கைவேலை தொழிற்சாலையின் சொத்தாக மாறிய தருணம் இது.

ஹெட் இல்லாத வண்டி

2020 ஜனவரியில் அறிமுகமான டிவிஎஸ் ஐகியூப் மின்ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. 2021இல் ஏத்தர் நிறுவனம் ஓசூரிலும், ஓலா நிறுவனம் அதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகளைத் தொடங்கின. இந்த வண்டிகளில் வால்வும் இல்லை, போர்ட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை.

வால்வு சீட் வெட்டுவதிலும் ஹெட் இழைப்பதிலும் கைதேர்ந்த பட்டறைகளுக்கு இது சிறிய செய்தியன்று. பெட்ரோல் வண்டிகள் இன்னும் நெடுநாள் சாலையில் ஓடும். அவற்றின் ஹெட்டுகள் பழுதுபார்க்கப்படவும் வேண்டும். எனினும் புதிதாகத் தொழில் கற்க வருபவர் எதைக் கற்பது என்ற கேள்வி எழுந்துவிட்டது. அலுமினியத்தைக் குறைபாடின்றி வார்ப்பது, நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்து இழைப்பது, வெப்பம் எங்கே தேங்கும் என்று கண்டறிவது ஆகிய திறன்கள் மோட்டார் உறைக்கும் மின்கலப் பெட்டிக்கும் தேவைப்படுபவையே. தளி சாலையின் வார்ப்பாலைகளிலும் லேத் பட்டறைகளிலும் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவில் அவையே பெரும்பகுதி. பட்டறைகளுக்கு இந்தப் புதிய வேலை எவ்வளவு விரைவாக வந்துசேர்கிறது என்பதைப் பொறுத்தே அந்த அறிவு எல்லையோர ஊர்களில் நிலைப்பது அமையும்.